சனிக்கிழமை வேணாம், செவ்வாய்க்கிழமை வா

குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள்

அரவிந்த்: சுந்தர் மாமா, வித்யாக்கா, இங்கோல்ஸ்டாட்ல இருந்து காலேஜ் பசங்க 6 பேர் மியூனிக் பீர் திருவிழா அக்டோபர்ஃபெஸ்டுக்கு வரலாம்னு இருக்கோம். செப்டம்பர் 26 சனிக்கிழமை, மதியம் 2 மணி வாக்குல. சரியா இருக்குமா?

சுந்தர் மாமா: சரியா இருக்காது மாப்ள. 26, 27 விழாவோட நடு வாரக்கடைசி. இத்தாலிக்காரங்க பஸ் பஸ்ஸா வந்து இறங்குவாங்க. 2025லயும் இதே நடுச் சனிக்கிழமைதான் கூட்டம் மீறிப்போய் மைதானத்தையே கொஞ்ச நேரம் மூடினாங்க.

வித்யாக்கா: செவ்வாய் வா. 22 இல்ல 29. அன்னைக்குக் குடும்ப நாள், ராட்டினம் எல்லாம் விலை குறைச்சல். பீர்க் கூடாரம் வாரநாள்ல 10 மணிக்குத் திறக்கும். 11 மணிக்குள்ள வந்துட்டா 6 பேரும் ஒரே மேசைல உக்காரலாம்.

அரவிந்த்: டிக்கெட் ஆன்லைன்ல ஒருத்தர் விக்கிறார்க்கா. வாங்கிடவா?

வித்யாக்கா: வாங்காத!! மைதானத்துக்கும் கட்டணம் கிடையாது, கூடாரத்துக்கும் கிடையாது.

சுந்தர் மாமா: அவன் விக்கிறது மேசை ரிசர்வேஷனா இருக்கும். அதைக் கூடாரக்காரங்ககிட்டதான் நேரடியா போடணும். பெரும்பாலும் 10 பேர் மேசை மொத்தமா எடுக்கணும். ரிசர்வ் பண்ண தனிக் காசு இல்ல, ஆனா தலைக்கு 2 லிட்டர் பீர், அரைக் கோழின்னு கூப்பனா முன்னாடியே வாங்க வைப்பாங்க. கைமாத்தி வித்ததை அவங்க ஒத்துக்க மாட்டாங்க, வாசல்லயே திருப்பி அனுப்பிடலாம். உங்களுக்கு அது தேவையே இல்ல. ரிசர்வ் பண்ணாத பகுதி எல்லாப் பெரிய கூடாரத்துலயும் உண்டு, வெளிய தோட்டத்து மேசையும் இருக்கு. வெயில் அடிச்சா தோட்டம்தான் சுகம்.

உக்கார இடம் இருந்தாதான் பீர். நின்னுட்டு இருக்கிறவனுக்குக் கொண்டு வர மாட்டாங்க. ஹோஃப்ப்ராய் கூடாரத்துல பேண்டுக்கு முன்னாடி நின்னு குடிக்க இடம் உண்டு, ஆனா அங்க நெரிசலும் அதுக்கேத்த மாதிரிதான்.

அம்மா: உக்காந்தா குடிச்சே ஆகணுமா சுந்தர்?

சுந்தர் மாமா: இல்லக்கா. ஏதாவது ஒண்ணு சொல்லணும், அவ்வளவுதான். ஆல்கஹால் இல்லாத பீர் இருக்கு, கோலாவும் ஆரஞ்சும் கலந்த ஸ்பெசி இருக்கு. பாதி பீர், பாதி லெமனேட் கலந்து ராட்லர்னு ஒண்ணு, அது குடிக்கிறவங்களுக்கு. தண்ணிக்கும் காசு, லிட்டர் 10 யூரோவை ஒட்டி.

பெரியப்பா: தண்ணி 10 யூரோவா!! 😳 அது என்ன, சாமி திருவிழாவா?

சுந்தர் மாமா: கல்யாண விருந்து அத்தான். 1810 அக்டோபர் 12ல பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் கல்யாணம். அஞ்சு நாள் கழிச்சு ஊர் மைதானத்துல குதிரைப் பந்தயம் விட்டாங்க. அந்த மைதானம்தான் இது. அக்டோபர்ல குளிர்றதால பிறகு செப்டம்பருக்குத் தள்ளிட்டாங்க. இந்த வருஷம் 19 ஆரம்பிச்சு அக்டோபர் 4ல முடியுது.

அரவிந்த்: பீர் என்ன விலை மாமா? (அம்மா, கணக்குக்குக் கேக்குறேன் 🙏)

சுந்தர் மாமா: 2025ல ஒரு மாஸ் 14.50ல இருந்து 15.80 வரைக்கும் இருந்துச்சு, இந்த வருஷம் அதுக்குக் குறையாது. மாஸ்னா ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளை. மியூனிக்கோட ஆறு பீர் ஆலைக்குத்தான் இங்க ஊத்த அனுமதி. இந்த விழாவுக்குன்னே கொஞ்சம் காட்டமா காய்ச்சுவாங்க, 6 சதம் பக்கம்.

கணக்குப் போடு. லிட்டருக்கு 6 சதம்னா சுத்த ஆல்கஹால் 60 மி.லி., எடையில 47 கிராம். நம்ம ஊர் 5 சதம் பீர்னா 650 மி.லி. பாட்டில் ரெண்டுக்குக் கொஞ்சம்தான் கம்மி. 70 கிலோ ஆம்பளைக்கு ஒரே மாஸ்ல ரத்தத்துல 0.9 ப்ரொமில் (ஆயிரத்துக்கு இத்தனை பங்குன்னு கணக்கு) வரைக்கும் ஏறலாம். உடம்பு மணிக்கு 0.1, 0.15தான் இறக்கும். அப்ப முழுசா இறங்க 6 மணி நேரத்துக்கு மேல ஆகும். வெறும் வயித்துல மடமடன்னு குடிச்சிட்டு 3 மணிக்கே பின்னாடி புல்மேட்டுல கவுந்து கிடக்கிறவங்களைப் பாப்ப. முதல்ல சாப்பாடு, பிறகு மீதி.

வித்யாக்கா: திரும்பும்போது வாடகை ஈ-ஸ்கூட்டரைத் தொடாத. அதுக்குக் கார் சட்டம்தான். 0.5ல அபராதம், லைசென்ஸுக்கும் தடை. 21 வயசு ஆகாதவங்களுக்கும், லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷம் ஆகாதவங்களுக்கும் பூஜ்யம். சைக்கிளுக்குத்தான் 1.6 கணக்கு. ரெண்டையும் குழப்பிக்கிட்டு மாட்டுறவங்க நிறைய.

அரவிந்த்: ஐயோ, சரிக்கா. எங்ககூட ரெண்டு பேர் சைவம். என்ன கிடைக்கும்?

வித்யாக்கா: கேஸேஷ்பெட்ஸ்லே கேளு. முட்டை மாவு உருண்டையில சீஸ் போட்டு, மேல வறுத்த வெங்காயம். முட்டை ஆகாதுன்னா அது வேணாம், செம்மல்க்னோடல்ங்கிற ரொட்டி உருண்டையும் வேணாம், அதுலயும் முட்டை உண்டு. பெரிய ப்ரெட்ஸலும் ஒபாட்ஸ்டாங்கிற சீஸ் பசையும் வாங்கிக்கலாம். கவனமா இருக்க வேண்டியது முட்டைக்கோஸ்ல. சவர்க்ரவுட்ங்கிற புளிச்ச கோஸ்ல பன்றிக்கறித் துண்டும், சிவப்புக் கோஸ்ல கொழுப்பும் சேக்கிறது சகஜம். ஸ்பெக்னு பேர்ல வந்தாலே பன்றி. சூப்பும் எலும்புத் தண்ணில வச்சதா இருக்கும். அசைவக்காரங்களுக்கு அரைக் கோழிதான், ஹெண்டல்னு சொல்லணும். வாரநாள்ல மதியம் 3 மணி வரைக்கும் மதியச் சாப்பாட்டுச் சலுகை போடுவாங்க, பலகையில எழுதியிருக்கும்.

சுந்தர் மாமா: காசு ரொக்கமா எடுத்துட்டு வா. ஒவ்வொரு தடவையும் வந்த உடனே குடுக்கணும், கடைசில மொத்தமா பில் கிடையாது. ஏன்னா பரிமாறுறவங்க தங்க கைக்காசுல கூடாரத்துக்கிட்ட பீரை வாங்கித்தான் நம்மகிட்ட விக்கிறாங்க. 15.20ன்னா 16, 17ஆ குடு. முதல் ரவுண்டுல கஞ்சத்தனம் பண்ணினா ரெண்டாவது ரவுண்டு வந்து சேராது.

நுரை பாதி, பீர் பாதியா வந்தா சும்மா இருக்காத. கண்ணாடியில லிட்டர் கோடு இருக்கும். நுரை அடங்கினப்புறம் கோட்டுக்கு ரொம்பக் கீழ இருந்தா, குடிக்கிறதுக்கு முன்னாடியே "பிட்டெ நாஹ்ஷெங்கன்"னு கேளு, ஊத்திக் குடுப்பாங்க. குவளையை அடிப்பாகத்துலதான் மோதணும், விளிம்பு மெலிசு, உடைஞ்சிரும். வெறும் குவளையே ஒரு கிலோவுக்கு மேல. அதை நினைவுக்குன்னு தூக்கிட்டுப் போனா திருட்டு வழக்கு. வேணும்னா காசு குடுத்து வாங்கிக்கோ. பெஞ்சு மேல ஏறி ஆடலாம், மேசை மேல ஏறினா வெளிய போட்டுருவாங்க.

அரவிந்த்: பை கொண்டு வரலாமா?

வித்யாக்கா: முதுகுப்பைன்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க. 3 லிட்டர் கொள்ளளவுக்குள்ள, 20-க்கு 15-க்கு 10 செ.மீ. சின்னப் பை மட்டும். கண்ணாடி பாட்டில், ஸ்ப்ரே, கத்தி கூடாது. ஸ்டேஷன் லாக்கர் சீக்கிரமே நிரம்பிடும், நம்பாத. மூடின ஷூ போடு, தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு.

அரவிந்த்: எங்க இறங்கணும்?

வித்யாக்கா: தெரேசியன்வீஸே ஸ்டேஷன்ல இறங்காத, கூட்டம் தாங்காம அடிக்கடி மூடுவாங்க. பெரிய ஸ்டேஷன்ல இருந்து 15, 20 நிமிஷ நடை. இல்லன்னா ஹாக்கர்ப்ரூக்கே ஸ்டேஷன்ல இறங்கு. திரும்பும்போது கோத்தேப்ளாட்ஸ் ஸ்டேஷன் பக்கம் போனா மூச்சு விடலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் (மாசாந்திர பாஸ்) இருக்கிறவங்க அப்படியே வரலாம், ஐசிஇ அதிவேக ரயில்ல ஏறாம. பயர்ன் டிக்கெட்டு (பவேரியாவுக்கான ஒருநாள் டிக்கெட்) 5 பேர் வரைக்கும் செல்லும், ஆனா வாரநாள்ல காலை 9 மணிக்கு மேலதான். அதனால 9 மணி தாண்டி வர முதல் ரயில்.

அம்மா: கூட்டத்துல பிரிஞ்சுட்டா?

வித்யாக்கா: போன் சிக்னல் படுத்தும் சித்தி, அதனால முன்னாடியே ஒரு இடம் பேசிக்கணும். பவேரியா சிலை எங்கிருந்தும் தெரியும், ஆனா எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. சிலைப் படிக்கட்டுல இடது ஓரம்னு சொல்லி வைங்க. ஷாட்டன்ஹாமல் கூடாரத்துக்குப் பின்னாடி சர்வீஸ் சென்டர்ல போலீஸ், முதலுதவி, தொலைஞ்ச பொருள் ஆபீஸ், பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பு இடம் எல்லாம் ஒண்ணா இருக்கு. அரவிந்த், உங்ககூட வர பொண்ணுங்ககிட்ட இதைக் கண்டிப்பா சொல்லு.

சுந்தர் மாமா: சாயங்காலம் 5 மணிக்கு மேல கூட்டம் மாறும். 6 மணி வரைக்கும் பேண்டுச் சத்தம் 85 டெசிபலுக்குள்ளதான், ஊர்ப் பாட்டா வாசிப்பாங்க. பிறகு பேசவே முடியாது. முதல் தடவைக்கு 5 மணியோட எழுந்துரு.

அரவிந்த்: ஓகே, 22 செவ்வாய். பாஸ்போர்ட் வேணுமா?

சுந்தர் மாமா: வீட்ல வை. ரெசிடென்ஸ் கார்டு போதும், முன் பாக்கெட்ல. ஜாக்கெட்டைக் கழட்டிப் பெஞ்சுல வச்சா அதுல எதுவும் விடாத.