கடன் பட்டார் நெஞ்சம்: கம்பன்ல எந்தப் படலம்?

பெகு பொண்ணு:
எங்க பெரியப்பாவுக்கு நெல் வியாபாரம். யாராவது முகம் வாடி உட்கார்ந்தா போதும், "என்ன, கடன் பட்டார் நெஞ்சம் போல கலங்குற?"ன்னு ஆரம்பிச்சிடுவார். கம்பன் வாக்காம். யுத்த காண்டம் முழுக்கத் தேடிட்டேன், காணோம். எந்தப் படலம்?

சிரியத்துக்காரன்:
கம்பன்தாம்மா. பட்டிமன்றத்துல எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க.

மோல்மேன் வாத்தியார்:
பட்டிமன்றத்துல என்னதான் சொல்லல! கம்பன்ல எங்க தேடினாலும் கிடைக்காது மகளே. அது சீர்காழி அருணாசலக் கவிராயரோட இராம நாடகக் கீர்த்தனை. 18ஆம் நூற்றாண்டு. "ஏன் பள்ளி கொண்டீரையா" பாடினாரே, அவரேதான். கம்பனை வச்சுத்தான் நாடகம் கட்டினார், அதனால பேர் மாறிப்போச்சு. ராம பாணம் பட்ட ராவணனுக்கு விஷம் கொண்ட மீன், தழல்ல மெழுகு, பாம்பு வாயில தேரைன்னு அடுக்கிட்டு, கடைசியில "கடன் கொண்டார் நெஞ்சம் போலும் கலங்கினான் இலங்கை வேந்தன்"னு முடிப்பார். மீனும் தேரையும் யாருக்கு ஞாபகம் இருக்கு? கடன் மட்டும் நின்னுச்சு.

நம்ம பர்மாவுல நிக்காம என்ன செய்யும்? கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல, வட்டிக்குக் கடன் குடுத்த செட்டியார்கள் கையில இருந்த நிலம் 1930ல 6 சதவீதம். நெல் விலை விழுந்து வட்டி கட்ட வழியில்லாம, 1938ல அது 25 சதவீதம் ஆச்சு. வாங்கினவன் வயலை விட்டான். குடுத்தவனுக்குப் பணத்துக்குப் பதில் சேறு. அவனும்தான் கலங்கினான், அதுக்குப் பாட்டு இல்லை.

ஆனா "இன்று போய் நாளை வா" அசல் கம்பன். முதற்போர் புரி படலம், ஆயுதம் இழந்து நின்ன ராவணனுக்கு ராமன் சொன்னது. நாம அதை வட்டி கேட்டு வர்றவர்கிட்ட சொல்லி அனுப்புறோம். இதுல யார் ராமன்?

தட்டோன் தம்பி:
கடைப்பக்கத்து பர்மாக்காரர்கிட்ட இதைச் சொன்னேன். அவங்களுக்கு ராவணன் தசகிரி. 1767ல சயாம் தலைநகர் அயுத்தியா பர்மாப் படைகிட்ட விழுந்தப்போ அங்கேருந்து கொண்டுவந்த ஆட்டக்காரங்களோடதான் அவங்க மேடை ராமாயணம் வளர்ந்துச்சு. "தசகிரிக்கு எவன் கடன் குடுத்தான்?"னு அவர் விடாம கேக்குறார்.

பெகு பொண்ணு:
வாத்தியாரையா, பாட்டு முழுசா இருந்தா போடுங்க. ஞாயித்துக்கிழமை பெரியப்பா வர்றார்.