நியூ ஆர்லியன்ஸ் இலையுதிர்கால விழாக்கள்: அப்பா அம்மாவை அழைத்துப் போக எந்த வாரம் நல்லது?

திருவாரூர்_டு_ஹூஸ்டன் கேட்டது:

வணக்கம். ஹூஸ்டனில் ஐந்து வருடமாக இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் செப்டம்பரில் வந்தார்கள், நவம்பர் கடைசியில் ஊர் திரும்புகிறார்கள். அதற்குள் ஒரு சனி ஞாயிறு அவர்களை நியூ ஆர்லியன்ஸ் அழைத்துப் போக ஆசை. வெயில் தணிந்ததும் அங்கே வாரத்துக்கு ஒரு சாப்பாட்டு விழா, பாட்டு விழா, ஓவிய விழா என்று நடக்கும் என்கிறார்கள். இணையத்தில் தேடினால் பட்டியல் பட்டியலாக வருகிறது, எதை எடுப்பது எதை விடுவது என்று புரியவில்லை.

அப்பாவுக்கு 71 வயது. நாதஸ்வரம் என்றால் உயிர். சின்ன வயதில் சுவாமி புறப்பாட்டில் தவில்காரர் பக்கத்திலேயே நடந்து விடிய விடிய கேட்டவர். இங்கே வந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. முழங்கால் வலி உண்டு, அரை மணிக்கு மேல் நிற்க முடியாது. அம்மா சுத்த சைவம். கேக்கில் முட்டை இருந்தால் பரவாயில்லை என்பார், அவ்வளவுதான். பையனுக்கு ஆறு வயது.

எனக்கு விடுப்பு கிடைப்பது அக்டோபர் நடு வாரம், இல்லையென்றால் நவம்பர் மூன்றாவது வாரம். இரண்டில் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிக்கரிக்_காப்பி எழுதியது:

தம்பி, நான் அந்த ஊரில் பதினொரு வருடம் இருந்தேன், மேகசின் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. இப்போது டல்லாஸ். ஆனாலும் அக்டோபர் பிறந்தால் மனசு அங்கேதான் இருக்கும். நேரே பதில் சொல்லிவிடுகிறேன்: நவம்பரில் போங்கள்.

அக்டோபர் நடுவில் லாஃபயெட் சதுக்கத்தில் நடப்பது கிரசென்ட் சிட்டி புளூஸ் அண்ட் பார்பிக்யூ விழா. கத்ரீனா புயலுக்கு அடுத்த வருடம், 2006-இல் தொடங்கியது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நுழைவு இலவசம். அங்கே கேட்ட புளூஸ் கிதார் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் சதுக்கம் முழுக்க இறைச்சி வாட்டும் புகைதான். உங்கள் அம்மாவால் அங்கே நிம்மதியாக ஒரு மணி நேரம் உட்கார முடியாது.

நவம்பரில் லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவில் ட்ரெமே கிரியோல் கம்போ விழா. கம்போ என்பது சோற்றோடு சாப்பிடும் ஒரு குழம்பு. அதுவும் இலவசம். இரண்டையும் நடத்துவது ஒரே அமைப்பு, ஜாஸ் அண்ட் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன். ஏப்ரல் கடைசியில் குதிரைப் பந்தய மைதானத்தில் நடக்கும் பெரிய ஜாஸ் விழாவின் வருமானத்தில்தான் இந்த இலவச விழாக்களும், பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாத ஓர் இசைப் பள்ளியும் ஓடுகின்றன. நார்த் ராம்பார்ட் தெருவில் அவர்களுடைய கட்டடம் ஒரு காலத்தில் இறுதிச் சடங்கு நடத்தும் இடமாக இருந்தது. இப்போது அந்த வழியாகப் போனால் குழந்தைகள் டிரம்பெட் பழகும் சத்தம் கேட்கும். எனக்கு அந்தத் தெரு ரொம்பப் பிடிக்கும்.

இதைச் சொல்வதற்கு முக்கியமான காரணம் உங்கள் அப்பா. புளூஸ் விழாவில் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பது கிதாரும் குரலும். கம்போ விழாவில் பிராஸ் பேண்டுகள். டிரம்பெட், டிராம்போன், தோளைச் சுற்றி மலைப்பாம்பு மாதிரி கிடக்கும் சூசஃபோன், ஒருவர் ஸ்நேர் டிரம், ஒருவர் பாஸ் டிரம். பாஸ் டிரம் மேலேயே ஒரு ஜால்ரா தட்டு பொருத்தியிருப்பார்கள், அதைக் கோட்டு மாட்டும் கம்பியால் தட்டுவார்கள். ஊதுகிறவர்கள் எல்லாம் மூச்சுப் பிடித்து ஊத, தாளத்தைச் சுமப்பவர்கள் இந்த இருவரும்தான். தவில் பக்கத்தில் நடந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பூங்காவுக்குள்ளேயேதான் காங்கோ சதுக்கம் இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி முரசடித்து ஆடிய இடம். 1817-இல் நகர சபை, அவர்கள் ஓரிடத்தில் மட்டுமே கூடலாம் என்று சட்டம் போட்டது. அந்த இடம் இது. மற்ற ஊர்களில் முரசையே பிடுங்கிவிட்டார்கள், இங்கே அது ஒலித்துக்கொண்டே இருந்தது. விழாவுக்கு வருகிறவர்களில் பலர் கம்போ கிண்ணத்தோடு அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் அப்பாவை அங்கே ஐந்து நிமிடம் உட்கார வைத்துக் கதையைச் சொல்லுங்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதுதான் எனக்கு முக்கியம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜூன் வரை, பெரும்பாலான ஞாயிறு மதியம் ஏதாவது ஒரு பேட்டையில் 'செகண்ட் லைன்' ஊர்வலம் இருக்கும். நடத்துவது அந்தந்தப் பேட்டைக் கறுப்பின மக்களின் சங்கங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் அவர்களைச் சேர்க்காத காலத்தில், மாதச் சந்தா போட்டு ஒருவருக்கொருவர் மருத்துவச் செலவும் அடக்கச் செலவும் பார்த்துக்கொள்ள உண்டான சங்கங்கள். யங் மென் ஒலிம்பியன் என்ற சங்கம் 1884-இலிருந்து இருக்கிறது. சங்கத்தாரும் பேண்டும் போவது முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டு சேர்கிற ஊர் ஜனம் இரண்டாவது வரிசை. பெயர் அதிலிருந்துதான் வந்தது. டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, யார் வேண்டுமானாலும் சேரலாம்.

நான்கு மணி நேரம் நடப்பார்கள். அப்பாவால் முடியாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. நம்மூரில் சுவாமி மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று போவது போல, இவர்களும் வழியில் நான்கைந்து இடத்தில் நிற்பார்கள். ஒரு சங்க உறுப்பினரின் வீடு, ஒரு மதுக்கடை வாசல், இப்படி. நிற்கும் இடமெல்லாம் வழித்தாளில் அச்சாகியிருக்கும். டபிள்யூ.டபிள்யூ.ஓ.இஸட். என்ற 90.7 பண்பலை வானொலியின் தளத்தில் அந்த வாரத்து வழி வந்துவிடும். அதில் ஒரு நிறுத்தத்தைத் தேர்ந்தெடுத்து, அரை மணி முன்னாலேயே மடக்கு நாற்காலியோடு போய் நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். முதலில் தூரத்தில் பாஸ் டிரம் மட்டும் கேட்கும். அப்புறம் தெருமுனை திரும்பும்போது மொத்தமும் வந்து மேலே விழும். என் மாமனாரை நான் அப்படித்தான் அழைத்துப் போனேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இலவசம் என்பதற்காக வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போய், பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அம்மாவுக்காகக் கொஞ்சம் எடுத்துப் போங்கள், தப்பில்லை. ஆனால் தண்ணீராவது அங்கே தள்ளுவண்டிக்காரரிடம் வாங்குங்கள். தெருமுனையில் வாசிக்கும் பையன்களின் பெட்டியில் ஐந்து டாலராவது போடுங்கள். அந்த இசை அவர்களுடைய பிழைப்பு.

ஓவியம், சிற்பம் என்று கேட்டால், அக்டோபர் முதல் சனிக்கிழமை ஜூலியா தெருவிலும் மேகசின் தெருவிலும் ஓவியக்கூடங்கள் எல்லாம் மாலையில் கதவைத் திறந்து வைக்கும். அது உங்கள் தேதிக்குப் பொருந்தாது. பதிலாக சிட்டி பார்க்கில் கலை அருங்காட்சியகத்தின் சிற்பத் தோட்டத்துக்குப் போங்கள், கட்டணம் இல்லை. தோ ஹோ சூ என்ற கொரியக் கலைஞரின் 'கர்மா' அங்கே இருக்கிறது. ஒரு மனிதன் தோளில் இன்னொருவன் குந்தி, அவன் தோளில் இன்னொருவன் என்று சுமார் ஏழு மீட்டர் உயரத்துக்கு வளைந்து போகும் கோபுரம். உங்கள் பையன் எண்ண ஆரம்பித்துவிடுவான்.

ஐ10_பயணி எழுதியது:

அக்கா சொன்ன நவம்பர் சரியான யோசனை. ஆனால் ஹூஸ்டனிலிருந்து காரில் போகிறவர்கள் வழியில் இருக்கும் லாஃபயெட் ஊரை மறந்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 560 கிலோமீட்டர் பயணத்தில் அது பாதியைத் தாண்டி வரும். அக்டோபரில் அங்கே ஃபெஸ்டிவல்ஸ் அகாடியன்ஸ் எ கிரியோல் என்று ஒரு விழா, இதுவும் இலவசம். பிரெஞ்சில் பாடும் கேஜன் இசை, அப்புறம் ஸைடெகோ. ஸைடெகோவில் ஒருவர் மார்பில் கவசம் போல நெளிநெளியான தகடு மாட்டிக்கொண்டு அதையே கரண்டியால் உரசித் தாளம் போடுவார். வயதான தம்பதிகள் கைகோத்து ஆடுவதைப் பார்க்கவே நான் மூன்று வருடமாகப் போகிறேன்.

நவம்பரில் போனாலும் லாஃபயெட்டில் வண்டியை நிறுத்திப் பெரியவர்களைக் கொஞ்சம் நடக்க விடுங்கள். அதைத் தாண்டினால் அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 29 கிலோமீட்டர் பாலம், இடையில் இறங்குவதற்கு இடங்கள் மிகக் குறைவு. இன்னொன்று, புயல் பருவம் நவம்பர் 30 வரை. 2020-இல் ஸீட்டா புயல் அக்டோபர் 28-ஆம் தேதி வந்தது. ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்யுங்கள்.

திருவாரூர்_டு_ஹூஸ்டன் எழுதியது:

அக்கா, மண்டகப்படி என்று படித்துக் காட்டியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நவம்பர் என்று முடிவு செய்துவிட்டோம். அம்மா சாப்பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்வீர்களா? அப்புறம், அந்தப் பழைய டிராம் வண்டியில் பெரியவர்கள் ஏற முடியுமா?

சிக்கரிக்_காப்பி எழுதியது:

சாப்பாட்டில் கவனமாக இருங்கள். ஒரு விழாவில் என் மாமியாருக்காகக் கீரை வாங்கினேன். இறைச்சி கிடையாதே என்று இரண்டு முறை கேட்டேன், கிடையாது என்றார்கள். பாதி சாப்பிட்ட பிறகு அடியில் பன்றித் துண்டு. அவர் அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை, எனக்கும் தாங்கவில்லை. அங்கே பலருக்கு இறைச்சி என்றால் தனியாகத் தெரிகிற துண்டுதான், வாசனைக்குப் போட்டது கணக்கில்லை. அதனால் 'இறைச்சி உண்டா' என்று கேட்காதீர்கள். 'எந்த எண்ணெய், எந்தச் சாறு, பன்றி போட்டு வேக வைத்ததா' என்று தனித்தனியாகக் கேளுங்கள். சிவப்பு பீன்ஸும் சோறும் பார்க்கச் சைவம் போலவே இருக்கும், பெரும்பாலும் அதிலும் இறைச்சி கலந்திருக்கும்.

கம்போ விழாவுக்கு நான் போன வருடங்களில் இறைச்சியும் மீனும் இல்லாத கம்போவும் கிடைத்தது. அது கிடைத்தால் அம்மாவுக்கு ஒரு கிண்ணம் வாங்குங்கள். கம்போ என்ற சொல்லே வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். மாவை எண்ணெயில் செம்பழுப்பாகும் வரை கைவிடாமல் கிளறி, வெங்காயம், குடைமிளகாய், செலரி போட்டு வதக்கி, வெண்டைக்காயோடு கொதிக்க விட்ட குழம்பு, சோற்றோடு. நம் நாக்குக்கு அது அந்நியம் இல்லை. கொஞ்சம் காரம் கேட்டால் சாஸ் தருவார்கள்.

காலையில் கஃபே டு மாண்டுக்கு அழைத்துப் போங்கள். 1862-இலிருந்து இருக்கும் கடை. காப்பியில் சிக்கரி கலந்திருப்பார்கள், பாதிக்குப் பாதி சூடான பால். அம்மா முதல் வாயிலேயே கும்பகோணம் என்பார். சர்க்கரைத் தூள் குவித்த பென்யே என்ற பலகாரத்தைப் பருத்திவிதை எண்ணெயில் பொரிக்கிறார்கள், விலங்குக் கொழுப்பு இருக்குமோ என்ற பயம் வேண்டாம். பிரெஞ்சு மார்க்கெட் பக்கத்துக் கடையில் கூட்டம் அதிகம் இருந்தால் சிட்டி பார்க்கில் ஒரு கிளை இருக்கிறது, சிற்பத் தோட்டத்துக்கும் பக்கம்.

டிராம்: செயின்ட் சார்ல்ஸ் பாதையில் ஓடும் பச்சை வண்டிகள் 1920-களில் செய்தவை, படி உயரம். முழங்கால் வலிக்காரருக்கு நீங்கள் கை கொடுக்க வேண்டியிருக்கும். கனால் தெருவின் சிவப்பு வண்டியில் ஆளைத் தூக்கி ஏற்றும் லிஃப்ட் உண்டு. ஒரு பயணம் 1.25 டாலர். காரைத் தங்கும் விடுதியிலேயே விட்டுவிடுங்கள், விழா நாளில் நிறுத்த இடம் தேடி அலைவது வீண்.

திருவாரூர்_டு_ஹூஸ்டன் எழுதியது:

அக்கா, நேற்று இரவு திரும்பினோம். ஞாயிறு இரண்டாவது நிறுத்தத்தில், ஒரு மதுக்கடைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டோம். டிரம் சத்தம் கேட்டதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். பேண்ட் வந்து நின்றதும் எழுந்துவிட்டார், நாற்காலியை நான்தான் பின்னால் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்நேர் டிரம்காரருக்குப் பக்கத்தில் போய் நின்று தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஆள் அப்பாவைப் பார்த்துச் சிரித்து ஒரு சுற்று அவருக்காகவே வாசித்தார். இருபது நிமிடம் நின்றார், வலி என்று சொல்லவே இல்லை. காரில் ஏறியதும் கேட்டார்: "அடுத்த ஞாயிறு எந்தத் தெருவாம்?"

அம்மா காப்பித் தகரம் இரண்டு வாங்கி, ஊருக்குப் போகும் பெட்டியில் வைத்துவிட்டார்.