'ஃப்ளவுட்' என்றால் வெறும் 'மீறு' தானா?

கேள்வி: செய்திகளை மொழிபெயர்க்கும்போது 'ஃப்ளவுட் த ரூல்ஸ்' (flout the rules) வரும் இடமெல்லாம் 'விதிகளை மீறுதல்' என்றே போடலாமா? 'வயலேட்', 'இன்ஃப்ரிஞ்ச்', 'டிரான்ஸ்கிரஸ்' எல்லாவற்றுக்கும் அதே 'மீறு' தானே வருகிறது? சிலர் 'ஃப்ளாண்ட் (flaunt) த ரூல்ஸ்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றா? வேர்ச்சொல்லும் தெரிந்தால் நல்லது.

சொல்வேட்டை: 'மீறு' மட்டும் போட்டால் பாதிப் பொருள் போய்விடும். ஃப்ளவுட் செய்பவருக்கு விதி நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதைத் துச்சமாக நினைத்து வெளிப்படையாக மீறுகிறார். பலகையைக் கவனிக்காமல் தடையுள்ள இடத்தில் வண்டியை நிறுத்தியவர் வயலேட் செய்தவர், அவ்வளவுதான். அதே பலகைக்கு அடியில் தினமும் நிறுத்துகிறவர்தான் ஃப்ளவுட் செய்பவர். சந்தேகம் வந்தால் வாக்கியத்தில் 'தெரியாமல்' என்று சேர்த்துப் பாருங்கள். வயலேட்டோடு ஒட்டும், ஃப்ளவுட்டோடு ஒட்டாது. தமிழில் 'விதிகளைக் காற்றில் பறக்கவிடுதல்' கிட்டத்தட்டப் பொருந்தும்.

வேர்மூலம்: வேரைப் பார்த்தால் அந்த ஏளனம் எங்கிருந்து வந்தது என்பது புரியும். புல்லாங்குழல் வாசிப்பதைக் குறித்த 'ஃப்ளூட்டன்' என்ற இடைக்கால ஆங்கில வினையிலிருந்து இது வந்திருக்கலாம் என்பதே அகராதிகள் பொதுவாகத் தரும் விளக்கம். குழல் எப்படிக் கேலியானது? டச்சு மொழியில் இதற்கு உறவான சொல் சீட்டியடிப்பதையும் குறிக்கும். மேடையில் இருப்பவரைச் சீட்டியடித்து அவமதிப்பதற்கும் அதிலிருந்தே ஒரு வினை உண்டு. 16ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவில் வழக்குக்கு வந்தபோது ஃப்ளவுட்டுக்குக் 'கேலி செய்' என்றுதான் பொருள். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் நார்வேக் கொடிகள் வானத்தை ஃப்ளவுட் செய்யும். அங்கே எந்த விதியும் மீறப்படவில்லை. கொடிகள் வானத்தை ஏளனம் செய்கின்றன. மற்றவற்றின் வேர்கள் வேறு, எல்லாம் லத்தீன். இன்ஃப்ரிஞ்சில் இருப்பது 'உடை' என்ற வினை, ஃபிராக்சருக்கும் அதுவே வேர். டிரான்ஸ்கிரஸ் என்றால் 'கடந்து அடி வை'. நம் 'வரம்பு மீறு' என்பதற்கு மிக நெருக்கமானது இதுதான்.

கேட்டவர்: நன்றி. ஒரு ஆளை ஃப்ளவுட் செய்யலாமா?

வேர்மூலம்: ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் செய்யலாம். இப்போது சட்டம், தடை, உத்தரவு, மரபு இவைதான் செயப்படுபொருளாக வரும்.

பிழைதிருத்தி: ஃப்ளாண்ட் வேறு சொல். அதற்குப் 'பகட்டாகக் காட்டிக்கொள்' என்று பொருள். செல்வத்தை ஃப்ளாண்ட் செய்யலாம், விதியை அல்ல. ஒலியும் நெருக்கம், இரண்டிலும் 'ஊரறிய' என்ற சாயலும் உண்டு, அதனால்தான் குழப்பம். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 'ஃப்ளாண்ட் த ரூல்ஸ்' போன்ற பயன்பாட்டையும் பதிவு செய்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் திருத்துபவர் கண்ணில் பட்டால் சிவப்புக்கோடுதான்.

'காற்றில் பறக்கவிடுதல்' பற்றி ஒரு திருத்தம்: அது வெறும் அலட்சியத்துக்கும் வரும். துணிச்சலும் ஏளனமும் தெரிய வேண்டிய இடத்தில் 'துளியும் மதிக்காமல் மீறினார்' என்று எழுதுங்கள். சட்ட நோட்டீஸ்களில் ஃப்ளவுட்டைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் அது உள்நோக்கத்தையும் சேர்த்துக் குற்றம்சாட்டுகிறது. அதற்கான ஆதாரம் கையில் இல்லையென்றால் 'கான்ட்ரவீன்' (விதிக்கு மாறாக நட) போதும். காப்புரிமை, பதிப்புரிமை என்றால் இன்ஃப்ரிஞ்ச்தான்.