பிள்ளைத் தொட்டில்: 12 சட்டமா, 13 சட்டமா?

(கிழக்கிலங்கையில் தொட்டில் செய்யும் நால்வரின் பேச்சு. ஒவ்வொருவரையும் அவரவர் ஊரின் பெயரால் குறித்திருக்கிறது.)

கல்லடி:
4 அடிக்கு 2 அடி மெத்தை போடுவதென்றால் தொட்டிலின் உள்ளளவு 48½ அங்குலத்துக்கு 24½ அங்குலம். இதைவிடத் தாராளம் வேண்டாம். மெத்தையின் ஓரத்தில் இரண்டு விரல் நுழைந்தால் அதுவே கூடுதல், பிள்ளையின் முகம் அதற்குள் போய்ப் புதையும்.

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியது சட்டக் கணக்கு. நிற்கும் சட்டங்களின் இடைவெளி 2 அங்குலம் 3 நூலைத் தாண்டக் கூடாது (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று). தாண்டினால் உடம்பு நழுவி வெளியே வரும், தலை மாட்டிக்கொள்ளும். நீளப் பக்கம் ஒன்றுக்கு 1½ அங்குல அகலச் சட்டம் 12 வைத்தால் இடைவெளி 2.35 அங்குலம். எல்லைக்கு உள்ளேதான், ஆனால் மிச்சம் கால் நூல். ஒரு சட்டம் சற்றுச் சாய்ந்தாலோ, கச்சான் எனும் வறண்ட காற்றில் மரம் காய்ந்து ஒடுங்கினாலோ அந்தக் கால் நூல் போய்விடும். 13 வையுங்கள்; இடைவெளி 2 அங்குலம் அரை நூல். தலைமாட்டுக்கு 6, கால்மாட்டுக்கு 6. எல்லாமாக 38 சட்டம், ¾ அங்குலத் தடிப்பு. இரண்டை மேலதிகமாகச் சீவி வையுங்கள்.

கால்கள் 36 அங்குலம். மெத்தை தாங்கும் பலகை நிலத்திலிருந்து 10 அங்குலத்தில் வந்தால் மேல்சட்டம் வரை 26 கிடைக்கும். பிறந்த பிள்ளைக்கு இன்னும் உயரத்தில் ஒரு தாங்கி வைக்கலாம். பிள்ளை எழும்பி இருக்கத் தொடங்கினால் உடனே கீழே இறக்க வேண்டும்.

சம்மாந்துறை:
மரத்தைப் பற்றி. முதிரை உறுதி, நிறமும் அழகு. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொடுக்கும். நீளக்கைச் சட்டையும் முகக்கவசமும் இல்லாமல் சீவுளி பிடிக்காதீர்கள். துளை போடாமல் ஸ்குரூ ஏற்றினால் நுனி பிளக்கும். தேக்கில் பிரச்சினை வேறு: மரத்தின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் கழுந்தை (துளைக்குள் செருகும் நுனியை) துடைத்தால் பிடிக்கும்.

பழைய கதவு நிலையை அறுத்துச் செய்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். பல் முளைக்கும் பிள்ளை முதலில் கடிப்பது மேல்சட்டத்தைத்தான்.

காத்தான்குடி:
கல்லடி அண்ணன் கச்சானைச் சொன்னார், மாரியையும் சேர்க்க வேண்டும். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மரம் ஈரம் குடித்துப் பருத்திருக்கும். அப்போது இறுக்கிச் செருகிய கழுந்து ஜூனில் ஆடும். 12 அங்குல அகலப் பலகை ஒன்று இரண்டு காலத்துக்கும் நடுவில் 2 மில்லிமீற்றர் அளவுக்கு அசையும். தலைமாட்டுக்கு அகலப் பலகை வைப்பவர்கள் அதைப் பசை போட்டு இறுக்காமல் காடிக்குள் (சட்டத்தில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள்) விடுங்கள்.

கடற்கரைப் பக்கம் இரும்பு ஸ்குரூ நிற்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லையென்றால் பித்தளை. பக்கங்களைக் காலோடு சேர்க்க மூலைக்கு இரண்டு 6 மில்லிமீற்றர் போல்ட், வாஷரோடு. மாதம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஏற்றி இறக்கும் பக்கம் கேட்டால் செய்து கொடுக்காதீர்கள். அந்த வகைத் தொட்டில் அமெரிக்காவில் 2011 முதல் தடை. கொளுவி கழன்றால் பக்கம் சரிந்து பிள்ளை இடுக்கில் சிக்கும்.

மருதமுனை:
நுளம்பு வலை கட்ட நாலு காலையும் கொஞ்சம் உயர்த்தலாமா? சுற்றிவரக் கைத்தறித் துணியில் பஞ்சு அடைத்துக் கட்டும்படியும் வீட்டில் கேட்கிறார்கள்.

கல்லடி:
கொஞ்சம் உயர்த்துவதுதான் ஆபத்து, தம்பி. மேல்சட்டத்துக்கு மேலே 2, 3 அங்குலம் நீட்டி நிற்கும் காலில் சட்டைக் கழுத்து மாட்டும். ஒன்று, மேல்சட்டத்தோடு மட்டமாக அறுங்கள், இல்லையென்றால் 16 அங்குலத்துக்கு மேல் போங்கள். முகட்டு வளையில் கொக்கி போட்டு வலையைத் தொங்கவிடுவது இன்னும் சுகம். பஞ்சு மெத்தை சுற்றுவதை வேண்டாமென்று சொல்லுங்கள், மூச்சை அடைக்கும். மருதமுனைத் துணியை மெத்தை விரிப்பாக இழுத்துக் கட்டினால் போதும்.

சம்மாந்துறை:
பொலிஷ் அடிக்க முதல் விளிம்புகளை ஒரு நூல் உருட்டி, 120, பிறகு 220 சாண்ட் பேப்பர். அடித்த பிறகு வாடை முழுதாகப் போகும்வரை காற்றில் வையுங்கள். மாரியில் அதற்குக் கிழமைக் கணக்கில் போகும். கடைசியாக 2 அங்குலம் 3 நூல் தடிப்பில் சீவிய மரக்கட்டை ஒன்றைச் சட்டங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். எங்காவது உள்ளே போனால் அந்தப் பக்கத்தைக் கழற்றித் திரும்பச் செய்ய வேண்டும்.