அயர்லாந்துப் பால் பண்ணையில் மகன்: ஜனவரி வரை சாணிக் கரைசலை வயலில் விடக் கூடாதாம், ஏன்?

கம்பத்துக்காரி எழுதியது:

வணக்கம். மகன் அயர்லாந்தில் வேளாண்மை படிக்கிறான். இப்போது பயிற்சிக்காகத் தெற்கே கார்க் பக்கம் ஒரு பால் பண்ணையில் தங்கியிருக்கிறான். 90 கறவை மாடு, 40 ஹெக்டேர் புல்வெளி. நேற்று ராத்திரி வீடியோவில் கொட்டகையைக் காட்டினான். தரை முழுக்க இடைவெளி விட்டு அடுக்கிய சிமெண்டுப் பாளம், சாணியும் மூத்திரமும் அந்த இடைவெளி வழியாக அடியில் இருக்கிற தொட்டிக்குப் போய்விடுகிறது. நீளமான கம்பு ஒன்றை உள்ளே விட்டு எடுத்தான், முக்கால்வாசிக்குக் கறுப்பாக நனைந்திருந்தது. நவம்பரிலேயே இப்படி. ஆனால் ஜனவரி 12 வரை ஒரு சொட்டுகூட வயலில் விடக் கூடாது, சட்டம் அம்மா என்கிறான். பண்ணைக்காரருக்கும் கவலைதான் போல, தினமும் அளந்து எழுதச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இது பிடிபடவே இல்லை. என் அப்பத்தா இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் கம்பத்தில் (கிராமத்தில்) நாலு மாடு வைத்திருந்தவர். சாணியை வீட்டுக்குப் பின்னால் குவித்து மக்கவைத்து வாழைக்கும் கீரைக்கும் அள்ளிப் போடுவார், தேதி பார்த்ததே கிடையாது. மாட்டுச் சாணி மண்ணுக்கு நல்லது என்றுதானே வளர்ந்தோம்? அதிலிருந்து நைட்ரேட் தண்ணீரில் கலந்துவிடும், அதனால்தான் சட்டம் என்கிறான்; அந்த விஷம் எங்கிருந்து வந்தது? ஹெக்டேருக்கு 170 கிலோ என்று ஒரு கணக்கும் சொல்கிறான், அது என்ன? அப்புறம் முக்கியமான விஷயம், அவன் குடிப்பது பண்ணைக் கிணற்றுத் தண்ணீர். பயப்படலாமா வேண்டாமா, யாராவது சொல்லுங்கள்.

*

நீர்ச்சோதனை எழுதியது:

அக்கா, நான் 12 வருடம் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன். கிணற்றை முதலில் பேசுவோம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய அளவு, உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான், இந்தியாவில் 45. இந்த வரம்பு முக்கியமாக ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள கைக்குழந்தைகளை நினைத்து வைத்தது. பால்மாவு கரைக்கிற தண்ணீரில் நைட்ரேட் அதிகமாக இருந்தால் குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் உதடும் விரலும் நீலம் பாரித்துவிடும். வளர்ந்த பையனுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. இருந்தாலும் கிணற்றைச் சோதித்த தாள் இருக்கிறதா என்று பண்ணைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள், நைட்ரேட்டோடு ஈ.கோலை கிருமிக்கும் பார்த்திருக்க வேண்டும். சாணி கலந்த கிணறு என்றால் வயிற்றை உடனே கெடுப்பது அந்தக் கிருமிதான். கொதிக்கவைத்தால் கிருமி செத்துவிடும், ஆனால் நைட்ரேட் போகாது, தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, சோதித்தால்தான் தெரியும்.

இனி சாணிக்கு வருவோம். நைட்ரேட் விஷமாக உள்ளே வரவில்லை அக்கா, அது புல்லின் சாப்பாடு. மாட்டின் சாணி மூத்திரம் கலந்த குழம்பில் (அங்கே ஸ்லரி என்பார்கள்) இருக்கிற நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி அம்மோனியமாக இருக்கும், பெரும்பங்கு மூத்திரத்தால் வருவது. மண்ணில் விழுந்ததும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கிவிடும். அம்மோனியத்துக்கு நேர்மின்னூட்டம், களிமண் துகளுக்கு எதிர்மின்னூட்டம், அதனால் ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னூட்டமே என்பதால் மண்ணால் அதைப் பிடித்து வைக்க முடியாது, தண்ணீர் எங்கே போகிறதோ அதுவும் அங்கே போகும். வேர் உறிஞ்சினால் தப்பித்தது, இல்லாவிட்டால் மழையோடு நிலத்தடிக்கோ ஆற்றுக்கோ இறங்கிவிடும். மண்ணின் சூடு 5, 6 டிகிரிக்குக் கீழே போனால் அங்கே புல் வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும், மழையோ விடாமல் பெய்யும். நவம்பரில் ஊற்றினால் சாப்பிட ஆள் இல்லாத வீட்டில் பந்தி போட்ட மாதிரி.

உங்கள் அப்பத்தா போட்டது மக்கிய எரு, அது நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். நம் ஊரில் வாழையும் கீரையும் வருடம் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அதோடு நாலே மாடு. அவர் செய்தது சரிதான்.

*

பால்காரன்_உட்லண்ட்ஸ் எழுதியது:

நான் அயர்லாந்தின் தெற்கில் ஐந்து வருடம் பண்ணை வேலை பார்த்துவிட்டு வந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சட்டத்தின் வேர் 1991இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் நைட்ரேட் ஆணை. கால்நடை எருவிலிருந்து வரும் நைட்ரஜன் ஒரு ஹெக்டேருக்கு வருடத்துக்கு 170 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, இதுதான் பையன் சொன்ன எண். மாடு எவ்வளவு பால் கறக்கிறதோ அதற்கேற்ப ஒரு மாட்டுக்கு வருடத்துக்கு 80, 92, 106 கிலோ நைட்ரஜன் என்று மூன்று வகுப்பு வைத்திருக்கிறார்கள், நிறையக் கறக்கிற மாடு நிறையக் கழிக்கும். அந்த மந்தை நடு வகுப்பு என்று வைத்துக்கொண்டால் 90 மாட்டுக்கு 8,280 கிலோ, அதை 40 ஹெக்டேரால் வகுத்தால் 207. கன்றுகளைச் சேர்க்காமலேயே 170ஐத் தாண்டிவிட்டது பாருங்கள். அப்படியானால் அவர்கள் வருடாவருடம் விண்ணப்பித்துச் சிறப்பு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அதன் உச்சம் முன்பு 250, 2024 முதல் பல பகுதிகளில் 220 ஆகக் குறைத்துவிட்டார்கள். தெற்கிலும் தென்கிழக்கிலும் ஆறுகளில் நைட்ரஜன் கூடுதலாக இருப்பதுதான் காரணம். நான் இருந்த ஊரில் இதைப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு இறங்காது. மாட்டைக் குறைக்க வேண்டும், இல்லை நிலம் குத்தகைக்குத் தேட வேண்டும். எனக்கு அந்த மக்கள் மேல் அக்கறை உண்டு, ஆனால் ஆற்றின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஸ்லரிக்கான தடைக்காலம் அக்டோபர் 1இல் தொடங்கும். கார்க் இருக்கிற மண்டலத்தில் ஜனவரி 12 வரை, வடக்கே டோனிகல், லீட்ரிம், கேவன், மோனகன் பக்கம் ஜனவரி கடைசி வரை. அதற்காகத்தான் கார்க் பக்கத்துப் பண்ணையில் குறைந்தது 16 வாரத்துக்கான தொட்டி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தேதி திறந்துவிட்டது என்று உடனே ஊற்றவும் முடியாது. 48 மணி நேரத்துக்குள் பெருமழை வரும் என்று முன்னறிவிப்பு இருந்தாலும், நிலம் உறைந்தோ நீர் கோத்தோ கிடந்தாலும் விடக் கூடாது. ஓடையிலிருந்து 5 மீட்டர் தள்ளி, தடைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரம் 10 மீட்டர். வீட்டுக் குடிநீர்க் கிணற்றிலிருந்து 25 மீட்டர். உங்கள் பையன் குடிக்கும் கிணற்றைச் சுற்றி அந்த 25 மீட்டர் விடுகிறார்களா என்று அவனையே நடந்து அளக்கச் சொல்லுங்கள்.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. ஜனவரியில் தொட்டியைத் திறந்து கலக்குவார்கள், அடியில் படிந்தது கரைய வேண்டுமே. அந்த நேரத்தில் ஹைட்ரஜன் சல்பைடு என்கிற வாயு குபீரென்று கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும், வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஆள் அப்படியே விழுவார், காப்பாற்ற உள்ளே இறங்குபவரும் விழுவார். எனக்கு ஒருமுறை தலை சுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கூட வேலை பார்த்தவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். கலக்குவதற்கு முன்னால் மாடுகளை வெளியேற்றி, கதவுகளை எல்லாம் திறந்து, காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து, இயந்திரத்தை ஓடவிட்டபின் குறைந்தது அரை மணி நேரம் யாரும் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது. அக்கா, இதை மட்டும் மகனுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

*

பழைய பொங்கோல் எழுதியது:

தங்கச்சி, நம் ஊரிலும் இதே கதைதான், விடை மட்டும் வேறு. 1977இல் சிங்கப்பூர் ஆற்றைப் பத்து வருடத்தில் சுத்தமாக்க வேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ சொன்னபோது, ஆறும் காலாங் படுகையும் சேர்ந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் நூற்றுக்கணக்கில் இருந்தன. அங்கிருந்து எடுத்தார்கள். பன்றிப் பண்ணைகள் பொங்கோலுக்கு வந்தன, கழிவைச் சுத்திகரித்தும் பார்த்தார்கள், அப்புறம் 1984இல் பன்றி வளர்ப்பையே நிறுத்துவது என்று முடிவெடுத்துவிட்டார்கள். இன்றைக்குத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை நம் குழாய்க்கு வருகிறது, ஊற்றிவிட்டுக் காத்திருக்க இங்கே இடம் ஏது. அயர்லாந்துக்காரர்களுக்கு நிலம் இருக்கிறது, அதனால் மாட்டையும் வைத்துக்கொண்டு தேதியும் வைக்கிறார்கள்.

*

கம்பத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வாயு விஷயத்தை அப்போதே அழைத்துச் சொன்னேன், பாதுகாப்பு வகுப்பில் கேட்டிருக்கிறேன் அம்மா என்றான், இருந்தாலும் பால்காரன் தம்பி எழுதியதை வரிக்கு வரி படித்துக் காட்டினேன். கிணற்றுச் சோதனைத் தாள் இருக்கிறதாம், நைட்ரேட் 31, கிருமி இல்லை. ஆனால் தொட்டிதான். இந்த வேகத்தில் போனால் டிசம்பர் நடுவிலேயே நிரம்பிவிடும் என்கிறான். என்ன செய்வார்கள்?

*

பால்காரன்_உட்லண்ட்ஸ் எழுதியது:

நிரம்புவது சாணியாலா மழையாலா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள் அக்கா. மழை பெய்யும்போது கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடக்கட்டும். கூரைத் தண்ணீர் தனியாக வெளியே போக வேண்டும், முற்றத்து அழுக்கோடு சேர்ந்து தொட்டிக்குள் போகக் கூடாது. 300 சதுர மீட்டர் கூரை என்றால் 100 மில்லிமீட்டர் மழைக்கு 30,000 லிட்டர். அது சரியாக இருந்தும் இடம் போதவில்லை என்றால், காலியாக இருக்கும் பக்கத்துப் பண்ணைத் தொட்டியை வாடகைக்கு எடுப்பார்கள். எதுவானாலும் இப்போதே பேச வேண்டும், டிசம்பரில் எல்லாத் தொட்டியும் நிறைந்திருக்கும்.

*

கம்பத்துக்காரி எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. கொட்டகையின் பின்பக்கம் கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் நடுவில் உடைந்து, முழங்கை தடிமனுக்குத் தண்ணீர் நேராக முற்றத்துச் சாக்கடையில் விழுகிறது, வீடியோ எடுத்து அனுப்பினான். எவ்வளவு நாளாக விழுகிறதோ. நேற்று அவனும் பண்ணைக்காரரும் ஏணி போட்டுப் புதுக் குழாய் மாட்டிவிட்டார்கள். இன்று காலை கம்பை விட்டு அளந்தானாம், ராத்திரி நல்ல மழை பெய்தும் அரை அங்குலம்கூட ஏறவில்லை.