இரண்டே நாளில் கல்லாகும் ஐஸ்கிரீம்: வழி சொல்லுங்களேன்

வணக்கம். வீட்டில் மெஷின் வைத்து வெனிலா ஐஸ்கிரீம் செய்கிறேன். எடுத்தவுடன் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்தால் கல்லாகிவிடுகிறது, நாக்கில் நறநறக்கிறது.

நறநறப்புக்குக் காரணம் புரிகிறது. ஃப்ரீசரைத் திறந்து மூடும்போது சின்னப் படிகங்கள் உருகி, அந்த நீர் பெரிய படிகங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. (அடிக்கடி திறப்பது யார் என்பதும் தெரியும், அது வேறு கதை!)

கல்லாவதுதான் தீரவில்லை. சர்க்கரையைக் கூட்டினால் உறைநிலை இறங்கி மிருதுவாக இருக்கும், ஆனால் திகட்டுகிறது. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் பொடி) மூலக்கூறு சர்க்கரையுடையதை விடச் சிறியது. அதே எடைக்கு உறைநிலையை ஏறக்குறைய இரு மடங்கு இறக்கும், இனிப்பும் குறைவு. சர்க்கரையில் எவ்வளவை இதற்கு மாற்றினீர்கள்?

அப்புறம், படிகங்கள் பெரிதாகாமல் இருக்க குவார் கம் (கொத்தவரை இனத்து விதையின் பிசின்) லிட்டருக்கு 2 கிராம் போட்டதில் கொழகொழத்துவிட்டது. குறைக்கவா, வேறு பிசினோடு கலக்கவா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.