டெஸ்டிங்கிலிருந்து யூஎக்ஸுக்கு மாற 85,000 ரூபாய் கோர்ஸ் வேண்டுமா?

துரைப்பாக்கம்_டெஸ்டர்:
வணக்கம் மக்களே. ஓஎம்ஆரில் மூன்று வருடமாக மேனுவல் டெஸ்டிங். மெக்கானிக்கல் படித்தவன், படம் வரைய வராது, கோலத்துக்குப் புள்ளி வைத்தால்கூடக் கோணலாகத்தான் போகும். ஆனால் ஒரு ஸ்கிரீனைப் பார்த்தால் யார் எங்கே தடுமாறுவார்கள் என்று தோன்றிவிடும். அதை பக் என்று போட்டால் "டிசைனே அப்படித்தான்" என்று எழுதி மூடிவிடுகிறார்கள். சரி, அந்த டிசைன் பக்கமே, அதாவது ஆப்பைப் பயன்படுத்துகிறவருக்கு எளிதாக வடிவமைக்கும் யூஎக்ஸ் வேலைக்கே, போய்விடலாம் என்று பார்க்கிறேன். வேளச்சேரியில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மாதத்துக்கு 85,000 கேட்கிறார்கள், பிளேஸ்மென்ட்டும் உண்டாம். கட்டலாமா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பெருங்குடி_பழசு:
கட்டாதீர்கள் தம்பி. ஸ்கிரீன் வடிவமைக்கிற ஃபிக்மா மென்பொருளை இலவசக் கணக்கிலேயே பழகிக்கொள்ளலாம். வரைய வராததும் பெரிய குறை இல்லை, பதினொரு வருடமாக நான் கட்டமும் அம்பும்தான் போடுகிறேன். யூஎக்ஸ் நிபுணர் யாகோப் நீல்சன் 1994இல் தொகுத்த பத்து ஹியூரிஸ்டிக்ஸ், அதாவது நல்ல டிசைனுக்கான பொது விதிகள், இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. மூடிவிட்ட உங்கள் பக்குகளை எடுத்து, எது எந்த விதியில் இடறுகிறது என்று எழுதிப் பாருங்கள். (கம்பெனி ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வெளியே காட்டிவிடாதீர்கள்.)

அப்புறம் ஆட்களை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து பேர் போதும் என்று அதே நீல்சன் 2000இல் எழுதினார், அந்தக் கணக்கில் இன்றும் சண்டை உண்டு, தொடங்குகிறவருக்கு அது போதும். என் முதல் ஆள் அம்மா. ஓர் ஆப்பில் கரன்ட் பில் கட்டச் சொன்னேன். ஓடிபி வந்ததும் மெசேஜைத் திறந்து, எண்ணை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தால், ஆப் மறுபடி முதல் பக்கத்தில் நிற்கிறது. அம்மா ஆப்பைத் திட்டவில்லை. "எனக்குத்தான் தெரியல, நீயே கட்டிடு" என்று போனை நீட்டினார். அதை அப்படியே எழுதிக் காட்டித்தான் முதல் வேலை வாங்கினேன். அவர்கள் திணறும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம்.

சாலிகிராமம்_அக்கா:
நான் இன்டர்வியூ எடுக்கிறவள். வருகிற போர்ட்ஃபோலியோ பெரும்பாலும் சாப்பாடு டெலிவரி ஆப்தான், உள்ளே "ப்ரியா, 28 வயது, காபி பிடிக்கும்" என்று ஒரு பர்சோனா, ஆப்பைப் பயன்படுத்துவதாகக் கற்பனை செய்த ஆள். அந்த ப்ரியாவை நான் எத்தனை தடவைதான் பார்ப்பது! தமிழ் ஸ்கிரீன்களில் கை வையுங்கள், உருப்படியாகச் செய்கிறவர்கள் குறைவு. 'கேன்சல்' இருந்த பட்டனில் 'ரத்துசெய்க' போட்டால் பாதியில் அறுந்து நிற்கும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைத்த அளவிலேயே விட்டால் மேல்வரி 'ழு'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும். சாதாரண எழுத்துக்கும் பின்னணி நிறத்துக்கும் நடுவே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி (எல்லோரும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான சர்வதேச வழிகாட்டி), மத்தியானம் பஸ் ஸ்டாப் வெயிலில் போனைப் பிடித்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பேனர்_பாண்டி:
நான் கட்டினேன் ப்ரோ, வேறு இன்ஸ்டிட்யூட். பிளேஸ்மென்ட்டும் வந்தது. பதவி யூஐ/யூஎக்ஸ், வேலை தீபாவளி ஆஃபர் பேனர். அதனால் இருக்கிற வேலையை விடாமல், உங்கள் டிசைன் டீம் யூசர் டெஸ்ட் நடத்தும்போது நோட்ஸ் எடுக்க வருகிறேன் என்று கேளுங்கள். முறையாகப் படிக்க ஆசை என்றால் சீட் (CEED) என்கிற டிசைன் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி பம்பாயின் டிசைன் முதுகலையான எம்.டெஸ் மாதிரிப் படிப்புக்குப் போகலாம், மெக்கானிக்கல் டிகிரி போதும், வயது வரம்பு கிடையாது.

துரைப்பாக்கம்_டெஸ்டர்:
எல்லோருக்கும் நன்றி. பணம் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் ஒரு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் ஆப்பைக் கொடுத்தேன். பிறந்த தேதி கேட்டது, காலண்டர் இந்த மாதத்தில் திறந்தது. அவர் பிறந்தது 1951. மேலே வருடத்தைத் தொட்டால் மாறும் என்று தெரியாமல் ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தட்டிக்கொண்டே போனார். நான் வாயைத் திறக்கவில்லை அக்கா, பழசு அண்ணன் சத்தியம். 2009 வரை போய்விட்டார், பாட்டி காபி கொண்டுவந்தார், குடித்துவிட்டுப் போனைத் திறந்தால் மறுபடி இந்த மாதம்.

இன்னும் நாலு பேர் வேண்டும். அப்பாவையும் உட்காரவைத்தால் மூன்று.